ஸ்டீம்பாய்: அழுத்தத்தைக் கூட்டுபவர்களும் வால்வைத் திறப்பவனும்

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம். பெயர் 'ஸ்டீம்பாய்'. "கார்ட்டூனை வச்சு என்ன பாடம் நடத்தப் போறே?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். நீராவி, அழுத்தம், வால்வு இதெல்லாம் எனக்குத் தேர்வுக் கேள்விகள். அதே விஷயங்களை வைத்து இந்தப் படம் கேட்கும் கேள்வி மட்டும் என் பாடப்புத்தகத்தில் இல்லை.

கேள்வி இதுதான்: ஒரு பொருளை உருவாக்கியவனுக்கு, அது யார் கையில் போய்ச் சேருகிறது, அங்கே என்ன செய்கிறது என்பதில் பொறுப்பு உண்டா? உண்டு என்றால், அவனால் உண்மையில் என்னதான் செய்ய முடியும்?

நம்மில் பலர் படிப்பை முடித்து வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறோம். சிலர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறோம், சிலர் மென்பொருள் எழுதுகிறோம், சிலர் மருத்துவமனையில் இருக்கிறோம். யாராக இருந்தாலும் ஒருநாள் இந்தக் கேள்வி நம் மேசைக்கு வரும். அதனால் முன்கூட்டியே பேசி வைப்போம்.

படத்தைப் பார்க்காதவர்கள் கவனிக்கவும்: முடிவு உட்பட முழுக்கதையையும் சொல்லப் போகிறேன்.

படம் பற்றிச் சுருக்கமாக

இயக்குநர் காட்சுஹிரோ ஓட்டோமோ. 1988-இல் 'அகிரா' என்ற படத்தின் மூலம் ஜப்பானிய அனிமேஷனை உலகமே திரும்பிப் பார்க்க வைத்தவர். 'ஸ்டீம்பாய்' 2004 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. ஏறக்குறைய பத்து வருட உழைப்பு, 180,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள். ஒவ்வொரு பல்சக்கரமும் குழாயும் தனித்தனியாகத் தெரியும்.

இது 'ஸ்டீம்பங்க்' வகைக் கதை. அந்தப் பெயரை 1987-இல் சூட்டியவர் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர். பெட்ரோலும் மின்சாரமும் உலகைப் பிடிப்பதற்கு முன் நீராவி இருந்ததே, அதுவே கற்பனைக்கு எட்டாத அளவுக்கு வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும்? இந்த வகைக் கதைகள் அந்தக் கற்பனையில் பிறந்தவை.

கதை நடப்பது 1866, இங்கிலாந்து. மென்செஸ்டர் நகரத்தில் ஜேம்ஸ் ரே ஸ்டீம் என்ற பையன் ஒரு நெசவாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறான். வீட்டுக்கு வந்தால் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருப்பான். அப்பா எட்வர்ட், தாத்தா லாய்ட் இருவரும் விஞ்ஞானிகள். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒருநாள் தாத்தாவிடமிருந்து பெட்டி ஒன்று வருகிறது. உள்ளே ஓர் உலோகப் பந்து. அதன் பெயர் 'ஸ்டீம் பந்து'. நம்ப முடியாத அழுத்தத்தில் ஆவியை அடைத்து வைத்திருக்கும் பந்து அது. பெட்டியின் பின்னாலேயே ஆட்களும் வந்துவிடுகிறார்கள். அவர்கள் ஒஹாரா நிறுவனத்தின் ஆட்கள். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அதே நிறுவனம்தான்.

ரே ஒற்றைச் சக்கர வண்டியில் தப்பி ஓடுகிறான், பிடிபடுகிறான், லண்டனுக்குக் கொண்டுபோகப்படுகிறான். அங்கே உலகக் கண்காட்சி நடக்கிறது. கண்காட்சிக்குப் பக்கத்தில் ஒஹாரா நிறுவனம் ஒரு மாபெரும் கோபுரத்தைக் கட்டியிருக்கிறது. அதுதான் 'ஸ்டீம் கோட்டை'. உள்ளே இருப்பவர், விபத்தில் இறந்துவிட்டதாக நினைத்த அப்பா எட்வர்ட். உடம்பில் பாதி இயந்திரம்.

பந்துக்குள் என்ன இருக்கிறது?

கதையின் கேள்விக்குப் போகும் முன் கொஞ்சம் இயற்பியல் பார்த்துவிடுவோம். இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்கினால், சாதாரணக் காற்றழுத்தத்தில் அது 1,600 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் கொடுக்காமல் மூடி வைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். நம் வீட்டுக் குக்கரில் சுமார் 120 டிகிரி. 10 பார் அழுத்தமுள்ள பாய்லரில் சுமார் 180 டிகிரி.

இப்போது அந்த 10 பார் பாய்லர் திடீரென்று கிழிந்தால்? அழுத்தம் ஒரே நொடியில் விழுந்துவிடும். 180 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் தண்ணீராக இருக்க முடியாது. அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகும். உள்ளே 1,000 கிலோ தண்ணீர் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 150 கிலோ ஆவி, அதாவது 250 கன மீட்டர், ஒரே மூச்சில் வெளியே பாயும். ஒரு வகுப்பறையே அவ்வளவு பெரிதாக இருக்காது. பாய்லர் வெடித்தால் கட்டடம் பறப்பதற்குக் காரணம் இதுதான். நெருப்பு அல்ல, அடைபட்டுக் கிடந்த தண்ணீர்.

படத்தில் ஐஸ்லாந்தில் கிடைக்கும் ஒரு விசேஷத் தண்ணீர்தான் பந்தின் ரகசியம். இது கற்பனை. எவ்வளவு சுத்தமான தண்ணீராக இருந்தாலும் தானாகச் சக்தி தராது. வெளியிலிருந்து வெப்பம் கொடுத்தால்தான் ஆவி வேலை செய்யும். பந்து ஒரு சேமிப்புப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் படத்தில் இன்னொன்று வருகிறது: பந்திலிருந்து வேகமாக வெளியேறும் வாயு சுற்றியிருப்பதை உறைய வைக்கிறது. படம் அதைப் பெரிதாக்கிக் காட்டினாலும், அடித்தளம் பொய்யில்லை. கொசு மருந்து ஸ்ப்ரே டப்பாவை விடாமல் அழுத்திப் பாருங்கள், டப்பா கையில் சில்லென்று ஆகிவிடும்.

ஆக, அழுத்தம் என்பது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதற்கு எங்கே வழி விடுகிறோம் என்பதுதான் விஷயம். வழி விடும் கருவிக்குப் பெயர் பாதுகாப்பு வால்வு.

வால்வு எப்படி வந்தது?

1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு ஒரு பாத்திரத்தைக் காட்டினார். மூடி இறுகிய பாத்திரம். எலும்பைக்கூட மெத்தென்று வேக வைக்கும். அது வெடிக்காமல் இருக்க, எடை வைத்த ஒரு வால்வையும் அவரே செய்தார். நம் அம்மா குக்கர் மேல் போடும் 'வெயிட்' அந்த வால்வின் பேரப்பிள்ளை.

அடுத்து ஜேம்ஸ் வாட். நீராவி இயந்திரத்தை நாலு மடங்கு சிக்கனமாக்கியவர் என்று படித்திருப்போம். அவர் உயர் அழுத்த ஆவியை விரும்பவே இல்லை. ஆபத்து என்று கடைசிவரை எதிர்த்தார். உயர் அழுத்தத்தைத் துணிந்து கையிலெடுத்தவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். 1803-இல் கிரீனிச்சில் அவருடைய பாய்லர் ஒன்று வெடித்து 4 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு ட்ரெவிதிக் செய்ததைக் கவனியுங்கள். உயர் அழுத்தத்தை அவர் கைவிடவில்லை. விபத்தை மறைத்துவிட்டுப் பழையபடி ஓட்டவும் இல்லை. இரண்டு பாதுகாப்பு வால்வு வைத்தார். அதில் ஒன்றை மட்டும்தான் இயந்திரத்தை ஓட்டுபவர் தொட முடியும். இன்னொன்றில் யாரும் கை வைக்க முடியாது. கூடவே ஈயத்தில் ஒரு அடைப்பு. தண்ணீர் குறைந்து பாய்லர் அளவுக்கு மீறிச் சூடானால் அந்த ஈயம் உருகி ஆவியை வெளியே விட்டுவிடும். இன்று பல குக்கர் மூடிகளில் வெயிட்டுக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான் மாதிரி இருக்கிறதே, அது இதே யோசனைதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு மனித உண்மை இருக்கிறது. இயந்திரத்தை ஓட்டுபவருக்கு அவசரம் வரும், ஆசை வரும், மேலிடத்தின் நெருக்கடி வரும். அப்போது அவர் வால்வை இறுக்கிவிடலாம். அதனால்தான் ஒரு வால்வு அவர் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.

ரேயின் ஊரில், ரேயின் வருடத்தில்

படம் ஏன் மென்செஸ்டரில் தொடங்குகிறது? 19-ஆம் நூற்றாண்டில் உலகின் பஞ்சாலைத் தலைநகரம் அதுதான். ஆலைக்கு ஆலை பாய்லர். பாய்லர் வெடிப்பதும் சாதாரணச் செய்தி. 1854-இல் வில்லியம் ஃபேர்பேர்ன் போன்ற பொறியாளர்களும் ஆலை முதலாளிகளும் அங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாய்லர் வெடிப்பைத் தடுப்பது அதன் முக்கிய வேலை. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், சங்கத்தின் பரிசோதகர் போய்ப் பாய்லரைப் பார்ப்பார். சட்டம் வருவதற்கு முன்பே தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், 1865 ஏப்ரல் 27. மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பல் வெடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, சிறையிலிருந்து விடுதலையான படைவீரர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கப்பல் ஏற்ற அனுமதி 376 பேருக்கு. ஏறியிருந்தவர்கள் 2,000-க்கும் மேல். வழியில் ஒரு பாய்லர் உப்பிக் கசிந்தது. வேலைக்கு வந்த மெக்கானிக் முறையாகப் பழுது பார்க்க வேண்டும் என்றார். அதற்குப் பல நாள் ஆகும். அதற்குள் வீரர்களை வேறு கப்பல் ஏற்றிப் போய்விடும். ஆளுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கட்டணம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதனால் ஒரு ஒட்டுப் போட்டுக் கிளம்பினார்கள். 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போரில் பிழைத்து, சிறையில் பிழைத்து, வீட்டுக்குப் போகும் வழியில்.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் சில இளைஞர்கள் 1857-இலிருந்தே ஒரு கழகம் வைத்துக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அறிவியலை அன்றாட வாழ்க்கைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பது பேச்சு. பாய்லர் ஏன் வெடிக்கிறது என்பதும் அதில் ஒன்று. வெடிப்பது விதி அல்ல, பரிசோதித்தால் தடுக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1866-இல் பாய்லர்களைப் பரிசோதித்துக் காப்புறுதி கொடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்றும் இருக்கிறது. 1866, படத்தில் ரே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அதே வருடம். நம்மைப் போல ஒரு படிப்பு வட்டம்தான் அது என்று நினைக்கும்போது எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

கண்ணாடி மாளிகையில் பீரங்கி

படத்தில் வரும் கண்காட்சிக்கும் உண்மை உண்டு. ஆனால் ஓட்டோமோ வரலாற்றைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார். உண்மையான மாபெரும் கண்காட்சி 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில், ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகையில் நடந்தது. சுமார் 60 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுபோன கோகினூர் வைரமும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. படத்தில் பந்துக்காகக் காத்திருக்கும் ராபர்ட் ஸ்டீவன்சனும் உண்மையான மனிதர். 'ராக்கெட்' ரயில் எஞ்சினோடு சேர்த்துச் சொல்லப்படும் பொறியாளர். அவர் 1859-லேயே இறந்துவிட்டார். படத்தில் 1866-இலும் உயிரோடு இருக்கிறார்.

படத்தில் ஒஹாரா நிறுவனம் கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டுப் பிரமுகர்களிடம் ஆயுதம் விற்கிறது. நீராவிக் கவசம் போட்ட சிப்பாய்கள், பறக்கும் வீரர்கள், எல்லாவற்றையும் லண்டன் தெருவிலேயே ஓட்டிக் காட்டுகிறது. "ரொம்ப ஓவர்" என்று தோன்றலாம். ஆனால் 1851-இல் கண்ணாடி மாளிகைக்குள் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் வார்ப்பு எஃகுப் பீரங்கி ஒன்றை வைத்திருந்தது. அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களை அடுக்கி வைத்திருந்தார். இரண்டு வருடத்தில் லண்டனிலேயே தொழிற்சாலை திறந்தார். நெசவு இயந்திரம், வைரம், பீரங்கி, எல்லாம் ஒரே கூரையின் கீழ், 'முன்னேற்றம்' என்ற ஒரே பெயரில். ஓட்டோமோ இல்லாததைச் சொல்லவில்லை. மறைந்திருந்ததை முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்.

மூன்று பெரியவர்கள், மூன்று பதில்கள்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். படத்தில் ரேயைச் சுற்றி மூன்று பெரியவர்கள். மூன்று பேருமே கெட்டிக்காரர்கள்.

அப்பா எட்வர்டுக்கு அறிவியல்தான் ஆற்றல். மனித குலத்தை அது உயர்த்தும். அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள், அவர்கள் எதை விற்கிறார்கள் என்பது அவருக்குச் சின்ன விஷயம். கோட்டை எழும்ப வேண்டும், உலகம் பார்க்க வேண்டும்.

தாத்தா லாய்ட் அதே ஆராய்ச்சியைத் தொடங்கியவர். அது ஆயுதமாகிவிட்டது என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். கோட்டையை உடைத்துவிட வேண்டும் என்பது அவர் முடிவு.

ஸ்டீவன்சன் நாட்டுக்காக நிற்பவர். ஒஹாரா நிறுவனத்திடமிருந்து பந்தைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார். ரே நம்பிக் கொடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அவர் பக்கமும் அதே பந்தை வைத்துப் போர் இயந்திரம் தயாராகிறது.

இந்த இடம்தான் எனக்குப் படத்திலேயே முக்கியம். நல்லவர் கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ரே நினைத்தான். நாமும் அப்படித்தான் நினைப்போம். "நம்ம ஆளு கையில இருந்தா பரவாயில்ல." ஆனால் கை மாறியது, பந்து மாறவில்லை.

அப்படியானால் தாத்தா சொல்வது போல் எல்லாவற்றையும் உடைத்துவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். கோட்டைக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். வெளியே ஒரு முழு நகரம் இருக்கிறது. அழுத்தம் ஏறிய பாய்லரைக் கோபத்தில் உடைக்க முடியாது. அப்படி உடைப்பதும் வெடிப்புதான்.

ஏவத் தெரிந்தவன்

இதைப் படிக்கும் நமக்கு மகாபாரதத்தின் ஒரு கட்டம் ஞாபகம் வராமல் இருக்காது.

போர் முடிந்துவிட்டது. அசுவத்தாமன் இரவில் பாண்டவர் பாசறைக்குள் புகுந்து தூங்கியவர்களைக் கொன்றுவிட்டான். மறுநாள் பாண்டவர்கள் துரத்தி வருகிறார்கள். அவன் ஒரு புல்லை எடுத்து மந்திரித்துப் பிரம்ம அஸ்திரமாக ஏவுகிறான். அதைத் தடுக்க அர்ச்சுனனும் அதே அஸ்திரத்தை ஏவுகிறான். இரண்டும் மோதினால் உலகம் தாங்காது. நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நிற்கிறார்கள். திரும்ப அழையுங்கள் என்கிறார்கள். அர்ச்சுனன் அழைத்துக்கொள்கிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. அஸ்திரம் பாண்டவர் வீட்டுக் கருவில் இருக்கும் குழந்தையின் மேல் போய் விழுகிறது. கண்ணன்தான் அந்தக் குழந்தையை உயிர்ப்பிக்கிறார்.

இருவருக்கும் குரு ஒருவரே, துரோணர். இருவர் கையிலும் இருந்தது ஒரே சக்தி. வித்தியாசம் ஒன்றுதான்: ஒருவனுக்குத் திரும்ப அழைக்கத் தெரியும், அதற்கு வேண்டிய மன அடக்கம் இருந்தது. மற்றவனுக்கு ஏவ மட்டும்தான் தெரியும். இன்ஜினியர் பாஷையில் சொன்னால், அசுவத்தாமனிடம் இருந்தது பாதுகாப்பு வால்வு இல்லாத பாய்லர்.

செம்பனை ஆலையில் நான் பார்த்தது

கதையை விட்டுக் கொஞ்சம் நம் நாட்டுக்கு வருவோம். நீராவிக் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நம் செம்பனை ஆலைகள் இன்றும் நீராவியில்தான் ஓடுகின்றன. தோட்டத்திலிருந்து வரும் பழக்குலைகளைச் சுமார் 3 பார் ஆவியில் வேக வைத்த பிறகுதான் பழம் உதிரும், எண்ணெய் பிழிய முடியும். பாய்லருக்கு எரிபொருள் பிழிந்த நாரும் கொட்டை ஓடும். அதே ஆவியில் டர்பைன் சுற்றி மின்சாரமும் வரும்.

போன வருடம் தொழிற்பயிற்சிக்கு அப்படி ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். பாய்லர்மேன் ஒரு தமிழர், ஐம்பது வயதுக்கு மேல், தகுதிச் சான்றிதழ் வாங்கியவர். பாய்லர் கதவுக்கு மேலே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போன முதல் நாளே அழுத்த மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டி, "தம்பி, மீட்டரு அது பாட்டுக்கு இருக்கும். நீ முதல்ல தண்ணியப் பாரு" என்று நீர்மட்டக் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் அதன் அடி வால்வைத் திறந்து மூடிச் சோதிப்பார். தண்ணீர் சட்டென்று பழைய மட்டத்துக்கு ஏறி வர வேண்டும். மெதுவாக வந்தால் குழாய் அடைத்திருக்கிறது, கண்ணாடி காட்டுவது பொய் என்று அர்த்தம்.

ஒரு ராத்திரி மெதுவாகத்தான் வந்தது. மறு பக்கத்துக் கண்ணாடியிலும் அளவு ஒத்துப்போகவில்லை. வெளியே பழ லாரிகள் வரிசையில் நின்றன. பழம் தாமதமானால் எண்ணெயின் தரம் கெடும். சூப்பர்வைசர் வந்து, "காலையில பாத்துக்கலாம்ணே, இப்ப ஓட்டுங்க" என்றார். பாய்லர்மேன் சத்தம் போடவில்லை. "தண்ணி எங்க இருக்குன்னே தெரியாம எப்படிப்பா ஓட்டுறது? நான் நிறுத்துறேன். என் பேரப் போட்டு எழுதிக்குங்க" என்றார். எரிபொருளை நிறுத்தினார், நெருப்பைத் தணித்தார், பொறுமையாக இறக்கினார். அடைப்பை எடுத்து மறுபடி ஓட்டும்போது விடிந்துவிட்டது.

அன்று எதுவும் வெடிக்கவில்லை. அதனால் யாரும் அவரைப் பாராட்டவும் இல்லை. லாரி டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுல்தானா கப்பலைப் பற்றிப் பிறகு படித்தபோது எனக்கு அந்த ராத்திரிதான் கண்ணுக்குள் வந்தது. இரண்டு இடத்திலும் காத்திருக்கும் கூட்டம், பணம், அவசரம், சந்தேகமான ஒரு பாய்லர். இங்கே நிறுத்தும் உரிமை ஒருவரிடம் இருந்தது, அதைப் பயன்படுத்தும் மனமும் அவரிடம் இருந்தது.

ரே என்ன செய்தான்?

படத்தின் கடைசியில் ஸ்டீம் கோட்டை தரையை விட்டு எழும்பி, கட்டுப்பாட்டை இழந்து, லண்டனுக்கு மேல் ஆடுகிறது. வெடித்தால் நகரம் போய்விடும். அப்பா சொன்னது சரியா, தாத்தா சொன்னது சரியா என்ற வாதம் முடியவே இல்லை. ரே அதற்குத் தீர்ப்புச் சொல்ல உட்காரவில்லை. எந்தப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினானோ, அதையே எடுத்துக்கொண்டு ஓடியோர் தப்பிக்கும் இடத்திலிருந்து கோட்டைக்குள் திரும்பிப் போகிறான். அந்த நேரத்தில் அப்பா, தாத்தா, பேரன் மூன்று பேருக்கும் ஒரே வேலைதான்: கோட்டையை மக்கள் இருக்கும் இடத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுப் பக்கம் நகர்த்துவது. கோட்டை வெடிக்கிறது, ஆனால் நகரம் பிழைக்கிறது. கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட ஸ்கார்லெட் என்ற பெண்ணையும் காப்பாற்றிக்கொண்டு ரே பறந்து வருகிறான்.

ரேயின் திறமையைப் பாருங்கள். புதிதாக ஒரு பெரிய கருவியைக் கண்டுபிடித்து அவன் ஜெயிக்கவில்லை. நெசவாலையில் பழுது பார்த்தபோது பழகிய அதே வேலைதான்: எந்தக் குழாய் எங்கே போகிறது, எதைத் திறந்தால் எது அடங்கும். பெரியவர்கள் அழுத்தத்தைக் கூட்டத் தெரிந்தவர்கள். அவன் இறக்கத் தெரிந்தவன்.

நம் கேள்விக்கு என் பதில் இதுதான். உருவாக்கியவனுக்குப் பொறுப்பு உண்டு. அவனால் உலகம் முழுவதையும் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் மூன்று விஷயம் அவன் கையில் இருக்கிறது. ஒன்று, நிறுத்தும் வழியைப் பொருளோடு சேர்த்தே உருவாக்குவது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் இருப்பது. இரண்டு, பணம் எங்கிருந்து வருகிறது, வாங்குபவர் யார் என்று ஆரம்பத்திலேயே கேட்பது. எட்வர்ட் கேட்காத கேள்வி அது. மூன்று, நிறுத்த வேண்டிய ராத்திரி வந்தால், தன் பெயரைப் போட்டு நிறுத்துவது. இந்த மூன்றாவது எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் இல்லை. பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும், பழகித்தான் வர வேண்டும்.

கலந்துரையாட

வட்டத்தில் நாலு நாலு பேராகப் பிரிந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எட்வர்ட், லாய்ட், ஸ்டீவன்சன் மூவரில் யார் பக்கம் நீங்கள் அதிகம் சாய்கிறீர்கள்? உங்கள் குழுவில் ஒருவர் கட்டாயம் எட்வர்டுக்காக வாதாட வேண்டும். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

2. ட்ரெவிதிக் ஒரு வால்வை இயந்திரம் ஓட்டுபவரின் கைக்கு எட்டாமல் வைத்தார். கைத்தொலைபேசி, சமூக ஊடகம், செயற்கை நுண்ணறிவு இவற்றில் அப்படி ஒரு வால்வு எங்கே இருக்கிறது? இல்லையென்றால் எங்கே வைக்கலாம்?

3. நல்ல சம்பளத்தில் ஒரு வேலை வருகிறது. நிறுவனம் என்ன செய்கிறது என்பது முழுதாகத் தெரியவில்லை. சேருவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள். வீட்டில் கடன் இருக்கிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

4. அடுத்த கூட்டத்துக்கு வீட்டுப்பாடம்: உங்கள் அப்பா, அம்மா, மாமா, அத்தை யாராவது ஒருவரிடம் கேளுங்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஓர் ஆபத்து என்றால் இயந்திரத்தை நிறுத்தும் உரிமை யாருக்கு? அந்த உரிமையை யாராவது பயன்படுத்தி அவர்கள் பார்த்திருக்கிறார்களா? பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.